அருள்மேரி அக்காவின் கடைசிச் சார்ட்

செய்தி வந்தபோது நான் தலையணை உறைகளுக்கு நடுவே இருந்தேன். ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் துணி வெளுத்துத் தேய்க்கிற வேலை எனக்கு. பொங்கல் விடுமுறைக் கூட்டம் மலையிறங்கிப் போன மறுநாள் காலை. நாலு நாள் அழுக்கு காலடியில் குவிந்து கிடந்தது. சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் மீனா போனில் கூப்பிட்டாள். "அப்பா, பெரிம்மா போயிட்டாங்க" என்றாள். "எங்க கண்ணு?" என்று கேட்டேன். ஐம்பத்து நாலு வயது மனிதன் கேட்கிற கேள்வியா அது? அருள்மேரி அக்காவை அவள் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவாள். கோயில் ஃபாதரிடம் சொல்லிவிடச் சொன்னாள்; அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அருள்மேரி அக்கா ஊசி போட்டிருப்பார். மீதிப் பேருக்கு ஒரு நீலத் துண்டாவது கொடுத்திருப்பார். இரண்டும் வாங்கிக்கொண்டவன் நான். முப்பதாம் நாள் பூசைக்குப் போடுகிற சின்னப் புத்தகத்துக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார் ஃபாதர். பத்தாம் வகுப்பில் கணக்கும் இங்கிலீஷும் என்னைக் கைவிட்ட பிறகும் தமிழ் மட்டும் கூட நின்றது. அந்தத் தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நாலு வரியில் முடியாது. ஃபாதரிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டியும் இருக்கிறது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

குப்பனூரிலிருந்து நான் மலையேறி வந்த புதிதில் எஸ்டேட் ஆஸ்பத்திரித் துணிகளும் என் கைக்குத்தான் வரும். நர்ஸ்களின் வெள்ளைப் புடவை பளிச்சென்று இருக்க, கடைசி அலசலில் நாலு சொட்டு நீலம் விட வேண்டும். எனக்கு எதையும் கொஞ்சம் தாராளமாகச் செய்கிற புத்தி. ஒருநாள் ஒரு நர்ஸம்மா புடவையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஏனுங்க, என்னைப் பார்த்தா நர்ஸாட்டத் தெரியுதுங்களா, புதுசா சுண்ணாம்படிச்ச செவுராட்டத் தெரியுதுங்களா?"

"பளிச்சுனு இருக்கட்டும்னு ரெண்டு சொட்டு சேத்தி உட்டனுங்க சிஸ்டர்."

"ரெண்டா? நோயாளி கண்ணைத் தொறந்து என்னைப் பார்த்துட்டு, மோட்சத்துக்கு வந்துட்டோம்னு பயந்துக்கறானுங்க."

அப்படித்தான் எங்கள் அறிமுகம். ஊசியும் கட்டுமாக முப்பத்தாறு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர், வெள்ளக்கடையில் தன் வீட்டில் அக்கடா என்று இருப்பார் என்று நினைத்தோம். அவரோ புதுச்சேரிப் பக்கம் போய்ப் பத்து நாள் தங்கி, அவுரி நீலத்தில் சாயம் போடக் கற்றுக்கொண்டு வந்தார். வந்த கையோடு என்னிடம் வந்து, லாட்ஜில் கழித்துப் போட்ட படுக்கை விரிப்பு இருந்தால் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"இத்தன வருசம் வெள்ளையக் கட்டியாச்சுங்க பழனிசாமி. இனி கண்ணுல படற ஒரு வெள்ளைத் துணியையும் சும்மா உடறதா இல்லீங்க."

நான் கொண்டுபோன முதல் கட்டில் ஒரு விரிப்பை மட்டும் மற்றவற்றின் மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அது கழித்துப் போட்டதல்ல. போனில் பேசிக்கொண்டே தேய்த்தபோது இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்ட நல்ல விரிப்பு. நட்டநடுவில் பெட்டியின் அச்சு மூக்கும் முழியுமாகப் பழுப்பாக விழுந்திருந்தது. மேனேஜர் கண்ணில் படுவதற்குள் அதை எங்காவது கரையேற்ற வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அக்கா அதைத்தான் முதலில் உருவினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"இது கறையில்லீங்க. தீக்காயம்."

"நொம்பப் பழைய துணிங்க சிஸ்டர்..."

"தீக்காயத்துக்கு வயசு சொல்ல எனக்குத் தெரியாதுங்களா? ரெண்டு நாள் ஆயிருக்கும்."

வேறு எதுவும் கேட்கவில்லை. அதை மட்டும் தனியாக மடித்து அலமாரியில் வைத்தார். "இது அட்மிட் ஆகட்டும்" என்றார்.

அவர் சாயம் போடுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அவுரி இலையிலிருந்து எடுத்த நீலக்கட்டியைப் பொடித்து, சுண்ணாம்பும் வெல்லமும் கனிந்து கறுத்த வாழைப்பழமும் சேர்த்து, முற்றத்துக் கொட்டகையில் பெரிய டிரம்மில் வெந்நீர் ஊற்றி மூடி வைப்பார். அது உள்ளே புளித்து உயிர் பிடித்ததும் நீலம் பச்சையாகக் கரைந்து நிற்கும். துணியை முக்கி எடுத்தால் பச்சையாக வரும். காற்றுப் படப்பட நம் கண்ணெதிரே நீலமாக மாறும். துணியில் எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு காப்பிக்கொட்டையை வைத்து நூலால் இறுக்கிக் கட்டிவிடுவார். சாயம் அங்கே நுழையாது. அவிழ்த்தால் வெள்ளை வளையம். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கிக் கோடு இழுப்பதும் உண்டு.

டிரம்மை அவர் நோயாளியாகத்தான் நடத்தினார். காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைப்பார். கிளிப் பலகையில் ஒரு சார்ட் தொங்கும். வெப்பம், நிறம், வாசம், கொடுத்த ஆகாரம் என்று கட்டம் போட்டு எழுதுவார். அதைப் பார்த்து நான்தான் முதலில் சிரித்தேன். அந்தச் சார்ட்டில் சீக்கிரமே என் பெயரும் ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விரிப்புகளைக் கொடுக்கப் போனேன். அக்கா பூசைக்குப் போயிருந்தார். டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மேலே பால்மேல் படிவதுபோலச் செம்பு நிறத்தில் ஆடை, நடுவில் நீல நுரை, அடியில் மஞ்சளும் பச்சையுமாகத் தண்ணீர், ஒரு புளித்த நாற்றம். முப்பது வருடம் அழுக்குத் தண்ணீர் பார்த்தவன் நான். இது கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். பாவம், வயதானவர், தனியாளாக எப்படிக் கழுவுவார் என்று இரக்கமும் வந்தது. வண்டியில் இருந்த பிளீச்சிங் பவுடரில் இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டு, கழியால் நுரை பொங்கக் கலக்கிவிட்டு, புண்ணியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் போனபோது சார்ட்டில் இப்படி எழுதியிருந்தது: "ஞாயிறு காலை. பிளீச்சிங் பவுடர், இரண்டு கைப்பிடி. கொடுத்தவர்: நல்ல எண்ணம் கொண்ட உறவினர். மதியம் மரணம்."

அந்தச் செம்பு நிற ஆடையும் நுரையும்தான் டிரம் நல்ல ஆரோக்கியத்தில் இருந்ததற்கு அடையாளமாம். இரண்டு மாதம் ஊட்டி வளர்த்ததை நான் அரை நிமிடத்தில் தீர்த்திருந்தேன்.

"அக்கா, என்னைத் திட்டிப்போடுங்க" என்றேன். சிஸ்டர் என்ற வார்த்தை அன்றைக்கு வாயில் வரவில்லை. அதன் பிறகு எப்போதும் அக்காதான்.

"எதுக்குங்க திட்டறது? டாக்டருங்களும் பண்றதுதான். வாங்க, பொணத்தைத் தூக்கலாம்."

இரண்டு பேருமாக டிரம்மைக் கவிழ்த்துக் கழுவினோம். பிராயச்சித்தமாகப் புது டிரம்முக்கு வெல்லம் இடிக்கப் போனவன், ஞாயிறுதோறும் போகலானேன். எனக்கு நிலைகொள்ளாது. உயிர் பிடித்ததா, இல்லையா என்று போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் மூடியைத் தூக்குவேன். தூக்கும்போதெல்லாம் காற்று உள்ளே போகும். காற்றுப் பட்டால் அது சோர்ந்துவிடும். சொல்லிப் பார்த்துவிட்டு அக்கா சார்ட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்: "மூடி திறந்த தடவை." அதில் என் பெயருக்கு நேரே முதல் நாளே ஆறு.

என்னோடு வேடிக்கை பார்க்க வந்த மீனா அங்கேயே தங்கிவிட்டாள். சேலத்தில் பி.காம். முடித்த பெண். பேங்க் வேலைக்குப் போகப் போகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அவளோ முழங்கை வரை நீலமாக வீட்டுக்கு வந்தாள். "பேங்க்ல கூட இங்க் ஒட்டுமுங்கப்பா" என்றாள்.

அந்தச் சமயத்தில் சேலத்திலிருந்து ஒரு குடும்பம் அவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னது. நான் வெளுப்புத் தொழிலாளி அல்லவா? எலுமிச்சம்பழம், உப்பு, துணி சோப்பு எல்லாம் வைத்து அவள் கையைத் தேய்த்தேன். தோல் சிவந்தது. நகக்கண்ணில் நீலம் அப்படியே இருந்தது. "கையைத் தட்டுக்கு அடியிலயே வெச்சுக்க கண்ணு" என்று சொல்லி வைத்தேன். பையனின் அம்மா தட்டை வாங்கும்போது பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, புள்ளைக்கு ரத்தத்துல ஏதாச்சும் கோளாறுங்களா?"

ஓரமாக உட்கார்ந்திருந்த அருள்மேரி அக்கா தன் இரண்டு கைகளையும் நீட்டினார். அவையும் நீலம். "நான் நர்ஸுங்க. இது தொத்திக்கிற வியாதி. பழனிசாமிக்கும் வந்திருக்கு. காட்டுங்க, வெக்கப்படாதீங்க."

மீனா களுக்கென்று சிரித்துவிட்டாள். சம்பந்தம் வாசற்படியோடு இறங்கிப் போய்விட்டது.

ஒரு மாதம் நான் வெள்ளக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. கோபம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. என் மகள், என் கவலை. கடைசியில் அக்காவே லாட்ஜுக்கு வந்தார். துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, "நான் வாயை மூடியிருந்திருக்கணுமுங்க. தப்புத்தான்" என்றார். பிறகு, "ஆனா அந்தப் புள்ளைகிட்ட ஒரு நாளைக்கு எத்தன தடவை கேக்கறீங்க?" என்றார்.

"என்னதுங்க?"

"என்ன பண்ணப் போற, எப்பப் பண்ணப் போற, யாரைப் பண்ணப் போறன்னு."

நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை ஆறுக்கு மேலேயே இருக்கும். "அவளுக்குன்னு ஒரு சார்ட் போட்டு மாட்டட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமை நான் பழையபடி போனேன். வாயை மட்டும் அப்போதும் முழுசாக மூடவில்லை.

போன மார்கழியில் அக்காவுக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. சேலத்தில் சேர்த்து மூன்று வாரம் மீனாதான் கூட இருந்தாள். தை பிறந்து சில நாளில், நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் காலை வந்தது. பகல் பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் வெள்ளக்கடைக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் மூன்று மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. வீட்டு வேலைகளைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தபோது மீனா கிளிப் பலகையோடு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அக்கா எழுதிய தாள் அதன் அடியில் இருந்தது.

"என் சவப்பெட்டி மேல் போர்த்த: அலமாரியில், மஞ்சள் பையில், கட்டி வைத்த துணி. ஏழு முக்கு. முக்க வேண்டியவர் பழனிசாமி. மீனா பக்கத்தில் நிற்கவும். ஃபாதரிடம் சொல்லியாச்சு. பழனிசாமி பிளீச்சிங் பவுடர் கொண்டு வராமல் பார்த்துக்கொள்ளவும்."

துக்க வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான். பார்த்தவர்கள் தப்பாக நினைத்திருந்தால் மன்னிக்கவும். சிரித்து முடித்ததும் கொட்டகைக்கு ஓடினேன். மூன்று வாரமாக டிரம்மை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு லாட்ஜில் சீசன் கூட்டம். கேட்டால் எல்லோரும் சொல்கிற அதே சாக்கு. மூடியைத் திறந்தால் ஆடையும் இல்லை, நுரையும் இல்லை. பனியில் குளிர்ந்து, வெறும் கலங்கல் நீலமாகக் கிடந்தது. அதில் முக்கினால் துணியில் ஒட்டாது, அலசினால் போய்விடும்.

ஃபாதர் எட்டிப் பார்த்தார். "எழுந்திரிக்குமா பழனிசாமி?"

"தெரியலீங்க ஃபாதர்."

"அக்கா ஆசைப்பட்டாங்க, மாதா போர்த்தியிருக்கறதும் நீலந்தான், எனக்கு ஆட்சேபனை இல்ல. ஆகலைன்னா கோயில்ல வெள்ளைத் துணி இருக்கு. மனசைப் போட்டு வருத்திக்காதீங்க."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் இனி வெள்ளை வேண்டாம் என்று ஓய்வு பெற்ற கையோடு சொன்னவரை, என் கவனக்குறைவால் வெள்ளையிலேயே அனுப்பி வைப்பதா?

மீனாவும் நானும் வேலையில் இறங்கினோம். முற்றத்தில் அண்டா வைத்து வெந்நீர் காய்ச்சி, பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு மெதுவாக ஊற்றினோம். வெல்லப்பாகு, சுண்ணாம்பு, வேகவைத்து மசித்த வாழைப்பழம். நுரைக்காமல் ஒரே பக்கமாகச் சுற்றிக் கலக்கினாள் மீனா. கழியை என் கையில் தரவில்லை. லாட்ஜிலிருந்து நான் கொண்டுவந்த பழைய கம்பளிகளைச் சுற்றிக் கட்டினோம். அக்காவின் அலமாரியில் மூன்று ரப்பர் வெந்நீர்ப் பைகள் இருந்தன. அவற்றையும் நிரப்பிக் கம்பளிக்குள் செருகினாள். உள்ளே கூடத்தில் அக்கா, வெளியே கொட்டகையில் அக்காவின் நோயாளி.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறந்தோம். கலங்கல். தெர்மாமீட்டரைப் பார்த்து மீனா உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி வெந்நீர், மறுபடி பைகள். பத்து நிமிடத்தில் என் கை மூடிக்குப் போயிற்று.

"அப்பா."

"சும்மா ஓரத்துல..."

"அப்பா!"

ஒரு மனையை மூடியின் மேல் வைத்து அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மூன்று மணி நேரம். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கைகூப்பிவிட்டு உள்ளே போனார்கள். நான் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். நடந்தபடியே அவளைப் பார்த்தேன். மூன்று வாரம் ஆஸ்பத்திரித் தரையில் படுத்து எழுந்தவள், கண் வீங்கி, நகமெல்லாம் நீலமாக, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அது எழுந்திரிக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இவளைப் பற்றி நான் எதற்காக இவ்வளவு பயந்தேன் என்று அப்போது நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு மேல் அவளே இறங்கி மூடியைத் தூக்கினாள். செம்பு நிறத்தில் ஆடை விழுந்திருந்தது. நடுவில் கைப்பிடியளவு நீல நுரை.

"முக்குங்கப்பா" என்றாள்.

மஞ்சள் பையில் இருந்த துணி, காப்பிக்கொட்டை முடிச்சுகளால் பலாப்பழம்போல் முள்முள்ளாகச் சுருங்கியிருந்தது. நனைத்து, காற்றைப் பிழிந்து, உள்ளே இறக்கினேன். எடுத்தேன், பச்சை. காற்றில் பிடித்தேன், நீலம். ஏழு தரம். நேரம் பன்னிரண்டரை. இனி அலசி, முடிச்சு அவிழ்த்து, காயவைக்க வேண்டும். முடிச்சுகள் நூற்றுக்கணக்கில். இரண்டு பேரால் ஆகாது. மீனா துணியை அலசி எடுத்துக்கொண்டு கூடத்துக்கே போய், பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் விரித்தாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்தார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். செம்மநத்தத்திலிருந்து வந்த ஒரு பாட்டி பல்லால் கடித்தே இருபது முடிச்சு அவிழ்த்து, உதடு நீலமாகி, அதைப் பார்த்து எல்லோரும் சிரித்து, சிரித்ததற்காக மறுபடி அழுதார்கள். காப்பிக்கொட்டைகள் தரையில் டிக்டிக்கென்று விழுந்து உருண்டன.

அவிழ்த்ததை நான் வாங்கித் தேய்த்துக் காயவைத்தேன். அது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை. ஓரங்களில் வெள்ளை வளையங்கள் நட்சத்திரம்போலச் சிதறியிருந்தன. நடுப்பகுதிக்கு வந்தபோது என் கை நின்றுவிட்டது. வளையங்கள் இரட்டை வரிசையாக ஓர் உருவத்தைச் சுற்றி வந்திருந்தன. முன்னால் கூராக, பின்னால் தட்டையாக. உள்ளே நீலம் மற்ற இடத்தைவிட ஒரு படி இருட்டு. கையில் பிடித்திருந்த பெட்டியைப் பார்த்தேன். துணியைப் பார்த்தேன். மீனாவும் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கதை தெரியும். "பெரிம்மா!" என்று மட்டும் சொன்னாள்.

ஃபாதர் தன் பிரசங்கத்தில் அந்தத் துணியைக் காட்டி, நம் சகோதரி தன்னை அக்கரைக்குக் கொண்டுபோகும் படகைத் தானே வரைந்துவைத்தார் என்று சொன்னார். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்தேன். ஃபாதர், மன்னிக்க வேண்டும். அது படகு இல்லை. அது என் இஸ்திரிப் பெட்டி. நான் சுட்டுவிட்டு ஒளித்துக் கொடுத்த விரிப்பு. அதைத்தான் அக்கா இத்தனை வருடம் வைத்திருந்து, என் தப்பைச் சுற்றிக் கொட்டை வைத்துக் கட்டியிருந்தார். வேறு நல்ல துணி அவரிடம் எத்தனையோ இருந்தது. அன்றைக்கே சொல்லியிருப்பேன். பிரசங்கம் நன்றாக இருந்தது, கெடுக்க மனம் வரவில்லை.

துணி அக்காவோடு மண்ணுக்குள் போய்விட்டது. கொட்டைகளைப் பெருக்கி மீனாவின் அம்மா ஒரு டப்பாவில் வைத்திருக்கிறாள், வறுத்துவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். கொட்டகையை மீனா நடத்துகிறாள். எனக்கு மிஞ்சியது அந்தக் கிளிப் பலகை. ஞாயிற்றுக்கிழமைகளில் சார்ட் எழுதுவது என் வேலை. அக்கா போட்ட கட்டங்களையே ஸ்கேல் வைத்துப் போடுகிறேன். ஒன்றையும் குறைக்கவில்லை.

போன ஞாயிறு ஆத்தூரிலிருந்து ஒரு வரன் வந்திருப்பதாகத் தரகர் போன் செய்தார். மீனாவிடம் சொன்னேன். கழியைச் சுற்றிக்கொண்டே, "யோசிச்சுச் சொல்றனுங்கப்பா" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் வரை கேட்கவில்லை. கிளம்புமுன் பலகையை எடுத்து அன்றைய வரியை எழுதினேன்: வெப்பம் சரி. நிறம் சரி. ஆகாரம், வெல்லம் ஒரு கட்டி. மூடி திறந்த தடவை, ஒன்று.